வட துருவத்தில் எந்தக் கதவு திறந்தது? அண்டார்டிகா உறைந்த கதையில் ஒரு சந்தேகம்

#1 செம்மண்

வணக்கம். பெரம்பலூர்ப் பக்கம் ஒரு அரசுப் பள்ளியில் புவியியல் எடுக்கிறேன். போன வாரம் பதினோராம் வகுப்பில் கண்ட நகர்வு நடத்தினேன். பாடத்தோடு நிறுத்த மனசில்லாமல், அண்டார்டிகா எப்படிப் பனிக்கண்டம் ஆனது என்பதையும் சொன்னேன். நான் கல்லூரியில் கற்றது இதுதான்: ஒரு காலத்தில் அங்கே காடு இருந்தது. ஒரு பக்கம் தென் அமெரிக்காவும் மறுபக்கம் ஆஸ்திரேலியாவும் அதோடு ஒட்டியிருந்தன. வெப்பமண்டலத்து நீரோட்டங்கள் கரையோரமாக இறங்கிவந்து அண்டார்டிகாவைத் தொட்டன. அப்புறம் இரண்டு கண்டங்களும் விலகின, நடுவே கடல் புகுந்தது. அண்டார்டிகாவைச் சுற்றி ஓடும் வட்ட நீரோட்டம் பிறந்தது. வெந்நீர் உள்ளே வர வழியில்லாமல் போய், 3.4 கோடி ஆண்டுகளுக்கு முன் கண்டம் உறைந்தது.

கடைசி பெஞ்சிலிருந்து ஒரு பெண் எழுந்து கேட்டாள்: "சார், தெற்கே நிலம் விலகியதால் உறைந்தது, சரி. வட துருவத்தில் நிலமே இல்லை, கடல்தானே? அங்கே எது விலகியது?"

நாளைக்குச் சொல்கிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன். நான்கு நாளாகத் தேடுகிறேன். தேடத் தேட நான் சொன்ன தென் துருவக் கதையே ஆட்டம் காண்கிறது. கடல்வழி திறந்தது காரணமே இல்லை, காற்றில் கரியமில வாயு குறைந்ததுதான் காரணம் என்கிறார்கள் சிலர். எது சரி? தெரிந்தவர்கள் தமிழில் விளக்கினால் அப்படியே வகுப்பில் வைப்பேன்.

#2 எஞ்சின்ரூம்

கப்பலில் எஞ்சினியராக இருந்து ஓய்வு பெற்றவன். புத்தக அறிவு இல்லை, கண்ணால் பார்த்ததைச் சொல்கிறேன்.

இந்தியாவின் அண்டார்டிகா நிலையத்துக்குச் சரக்கு கொண்டுபோன வாடகைக் கப்பல் ஒன்றில் ஒரு முறை போனேன். கேப் டவுனிலிருந்து தெற்கே. எஞ்சினைக் குளிர்விக்கக் கடல்நீரைத்தான் உள்ளே இழுப்போம். அதனால் கடல்நீரின் வெப்பநிலையை ஒவ்வொரு வாட்ச்சிலும் (பணிமுறையிலும்) லாக் புத்தகத்தில் எழுதுவோம். வடக்கே இருக்கும்போது அந்த எண் மெல்ல மெல்லத்தான் இறங்கும். தெற்கு அட்சரேகை 50 டிகிரியை ஒட்டி ஒரு இடத்தில் மட்டும், ஒரே வாட்ச்சுக்குள் மூன்று நான்கு டிகிரி சரிந்துவிட்டது. முள் பழுதாகிவிட்டதோ என்று தட்டிப் பார்த்தேன். மேலே கப்பலை ஓட்டும் பிரிட்ஜ் அறையிலிருந்து போனில் சொன்னார்கள்: அண்டார்டிகக் குளிர்நீர் தொடங்கும் எல்லைக் கோட்டைத் தாண்டிவிட்டோம் என்று. வெளியே வந்தால் மூடுபனி, பறவைகள்கூட வேறு.

அந்தக் கோடு அண்டார்டிகாவைச் சுற்றி முழு வட்டமாகப் போகிறது. உலகத்தில் வேறு எங்கும் கடல் இப்படி ஒரு தடையும் இல்லாமல் பூமியைச் சுற்றி வருவதில்லை. தென் அமெரிக்காவின் முனைக்கும் அண்டார்டிகத் தீவுகளுக்கும் நடுவே சுமார் 800 கிலோமீட்டர் இடைவெளி, டிரேக் நீரிணை. அது வழியே நொடிக்கு 13 கோடி கன மீட்டருக்கு மேல் நீர் போகிறது. உலகத்து ஆறுகள் எல்லாவற்றையும் சேர்த்தாலும் அதில் நூறில் ஒரு பங்குதான். அதை நேரில் கடந்தவனுக்கு, அந்த நீரோட்டம் காரணமில்லை என்று யார் சொன்னாலும் நம்ப முடியாது.

#3 சிப்பித்தூள்

செம்மண் சார், உங்கள் மாணவி கை வைத்திருப்பது இந்தத் துறையில் ஐம்பது ஆண்டாக வாதம் நடக்கும் இடத்தில். கடலடி மண்ணில் இருக்கும் நுண்சிப்பிகளைப் பொறுக்கிப் பார்ப்பதுதான் என் வேலை. கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

நீங்கள் கற்ற கதைக்குப் பலமான அடிப்படை இருந்தது. 1973இல் குளோமர் சேலஞ்சர் என்ற துளையிடும் கப்பல் டாஸ்மேனியாவுக்கும் நியூசிலாந்துக்கும் தெற்கே கடலடியைத் துளைத்து மண்ணை உருளைகளாக எடுத்தது. அந்தப் பயணத்தை நடத்தியவர்களில் ஒருவரான ஜேம்ஸ் கென்னட் 1977இல் முன்வைத்ததுதான் இந்த "கதவு திறந்தது, கண்டம் உறைந்தது" விளக்கம். அழகான விளக்கம், வரைபடத்தைப் பார்த்தாலே மனதில் ஒட்டிக்கொள்ளும். அதனால்தான் பாடப்புத்தகங்களில் நிலைத்தது.

2000இல் ஜாய்டிஸ் ரெசல்யூஷன் என்ற கப்பல் அதே டாஸ்மேனியப் பகுதிக்குத் திரும்பிப் போனது. கென்னட்டும் போனார். தன் விளக்கத்தைத் தானே சோதிக்கப் போன அந்த மனிதரிடம் எனக்குப் பெரிய மதிப்பு உண்டு. அந்த மண்ணிலிருந்து இரண்டு செய்திகள் வந்தன.

ஆஸ்திரேலியப் பக்கத்துக் கடல்வழி ஆழமானது சுமார் 3.55 கோடி ஆண்டுகளுக்கு முன். பனி பெரிய அளவில் வந்தது அதற்குப் பிறகு, ஏறத்தாழ 20 லட்சம் ஆண்டு கழித்து. கதவு திறந்தவுடனே வீடு குளிர்ந்திருக்க வேண்டும், 20 லட்சம் ஆண்டு காத்திருக்க வேண்டியதில்லை.

இன்னொன்று இதைவிடக் கனமானது. கதவு மூடியிருந்த காலத்து மண்ணில் கிடைத்த நுண்ணுயிர்கள் அண்டார்டிகக் குளிர்நீருக்கே உரியவை. ஆஸ்திரேலியாவின் கிழக்குக் கரை வழியாக வெந்நீர் இறங்கி வந்திருந்தால் வெப்பநீர் இனங்கள் கிடைத்திருக்க வேண்டும். அதாவது, கதவு தடுத்ததாகச் சொல்லப்பட்ட வெந்நீரே அந்தப் பக்கம் வந்துகொண்டிருக்கவில்லை.

டிரேக் நீரிணைக்கு வந்தால் குழப்பம் இன்னும் அதிகம். அது எப்போது திறந்தது என்பதற்கு 4.1 கோடி ஆண்டு என்று சொல்பவர்களும் உண்டு, ஆழமாகத் திறந்தது 2 கோடி ஆண்டுக்குப் பக்கத்தில்தான் என்பவர்களும் உண்டு. முதல் கணக்கு எதிலிருந்து வந்தது தெரியுமா? மீன் பல்லிலிருந்து. பசிபிக் நீருக்கும் அட்லாண்டிக் நீருக்கும் நியோடிமியம் என்ற தனிமத்தின் எடை வேறுபட்ட வகைகளுக்கு (ஐசோடோப்புகளுக்கு) இடையிலான விகிதம் வேறு வேறு. கடலடியில் விழுந்த மீன் பல் அந்த விகிதத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். அட்லாண்டிக் பக்கத்துப் பல்லில் பசிபிக் கையெழுத்து எப்போது தெரிகிறதோ, அப்போது வழி திறந்துவிட்டது என்று அர்த்தம்.

2003இல் டிகான்டோ, பொலார்டு என்ற இரண்டு காலநிலை ஆய்வாளர்கள் கணினியில் இதைப் போட்டுப் பார்த்தார்கள். நீரிணையைத் திறந்தும் மூடியும் ஓட்டினார்கள். இரண்டிலும் கரியமில வாயு ஒரு எல்லைக்குக் கீழே போனதும் பனி படர்ந்தது. நீரிணை திறந்திருந்தால் அந்த எல்லை கொஞ்சம் மேலே இருந்தது, அவ்வளவுதான். எல்லை எங்கே என்றால், காற்றில் பத்து லட்சத்துக்கு 750 பங்கை ஒட்டி. பிறகு 2009இல் தான்சானியாவில் எடுத்த சிப்பிகளிலிருந்து பழைய காற்றின் அளவைக் கணித்தார்கள். பனி வந்த காலத்தில் கரியமில வாயு அந்த எல்லையைத்தான் தாண்டி இறங்கியிருந்தது.

#4 கார்குழலி

அக்கா, எம்.எஸ்சி. முதலாண்டு மாணவி நான். ஒரு சிப்பியை வைத்து 3.4 கோடி ஆண்டுக்கு முன் பனி வந்தது என்று எப்படிச் சொல்கிறீர்கள்? சூத்திரம் புத்தகத்தில் இருக்கிறது. கையால் என்ன செய்வீர்கள் என்று சொல்லுங்கள்.

#5 சிப்பித்தூள்

கார்குழலி, வேலை இப்படித்தான். மண்ணைச் சல்லடையில் கழுவி உலர்த்துவோம். கறுப்புத் தட்டில் தூவி மைக்ராஸ்கோப்பின் கீழே வைத்தால் ரவை போலச் சிப்பிகள் தெரியும். ஃபோராமினிஃபெரா என்ற ஒரு செல் உயிரின் ஓடுகள். மிக மெல்லிய தூரிகையை நனைத்து, தேவையான இனத்தை மட்டும் ஒவ்வொன்றாக ஒற்றி எடுப்போம். ஒரு நாள் முழுக்கப் பொறுக்கினால் கழுத்து பிடித்துக்கொள்ளும்.

ஓட்டில் இருக்கும் ஆக்சிஜனில் எடை குறைந்த 16உம் எடை கூடிய 18உம் உண்டு. கடல் ஆவியாகும்போது 16 எளிதாக மேலே போகும். அது மழையாகப் பெய்து ஆற்றோடு திரும்பிவந்தால் கணக்கு நேராகிவிடும். பனியாக விழுந்து கண்டத்தின் மேலேயே உட்கார்ந்துவிட்டால், கடலில் 18 மிஞ்சும். ஓட்டிலும் மிஞ்சும். சிக்கல் ஒன்று: நீர் குளிர்ந்தாலும் ஓட்டில் 18 கூடும். இரண்டையும் பிரிக்க மக்னீசியம், கால்சியம் விகிதத்தைத் தனியாகப் பார்க்க வேண்டும்.

இப்படி 6.6 கோடி ஆண்டுக்கும் கோடு போட்டுவிட்டார்கள். அந்தக் கோட்டில் 3.4 கோடி ஆண்டு வரும் இடத்தில், சில லட்சம் ஆண்டுக்குள் ஒரு படிக்கட்டு. முதல் முறை அதை நானே அளந்த எண்களில் பார்த்தபோது கை நடுங்கியது. ஒரு கண்டம் உறைவதைத் தூரிகை முனையில் பார்க்கிறோம்.

#6 நிதானம்

பொறுமையாகப் படித்தேன். ஒரு நேர்மையான கேள்வி, சண்டைக்கு இல்லை. மனிதன் பிறக்கும் முன்பே கரியமில வாயு ஏறியது, இறங்கியது, அண்டார்டிகாவில் காடு வளர்ந்தது, உறைந்தது. எல்லாம் கண்டம் நகர்ந்து நடந்தது. அப்படியானால் இப்போதைய வெப்பத்துக்கு மட்டும் மனிதனைக் கைகாட்டுவது எப்படி நியாயம்?

#7 வடமராட்சியான்

இணைந்து கொள்கிறேன். நிதானம் அண்ணாவின் கேள்விக்குத் தெரிந்தவர்கள் பதில் சொல்லட்டும். நான் காட்டைப் பற்றிச் சொல்ல வந்தேன்.

அண்டார்டிகக் கரையில் 2010இல் துளைத்த மண்ணில், ஏறத்தாழ 5.2 கோடி ஆண்டுக்கு முந்திய மகரந்தம் கிடைத்தது. அதிலே பனைக் குடும்பத்து மகரந்தம் இருந்தது. பெருக்க மரமும் இலவமும் சேர்ந்த குடும்பத்தின் மகரந்தமும் இருந்தது. நெடுந்தீவிலும் மன்னாரிலும் நிற்கும் பெருக்க மரத்தைக் கட்டிப்பிடித்து விளையாடியவன் நான். பனையைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். எங்கள் ஊர் மரங்களின் தூரத்துச் சொந்தங்கள் தென் துருவக் கரையிலே நின்றன என்று வாசித்த அன்று இரவு நித்திரை வரவில்லை.

இன்னொன்றும் உண்டு. கோண்ட்வானா என்ற பெருங்கண்டம் ஒன்றாய் இருந்த காலத்தில் இலங்கை, இந்தியாவுக்கும் அண்டார்டிகாவுக்கும் நடுவிலே செருகி இருந்தது. மத்திய மலைநாட்டுப் பாறைகளுக்கும் அண்டார்டிகாவின் லுட்சோ-ஹோம் குடாப் பாறைகளுக்கும் ஒப்புமை காட்டுகிறார்கள்.

#8 எஞ்சின்ரூம்

வடமராட்சியான் தம்பி, நம் பாரதி நிலையம் இருக்கும் லார்ஸ்மன் குன்றுகளின் பாறைகளுக்கும் கிழக்குத் தொடர்ச்சி மலைக்கும் அப்படித்தான் உறவு சொல்கிறார்கள். கூட வந்த புவியியல்காரர் ஒருவர் அங்கே ஒரு கல்லைக் கையில் கொடுத்து, விசாகப்பட்டினம் மலையில் இதே கல்லைப் பார்த்திருப்பீர்களே என்றார். எனக்குக் கல் தெரியாது. ஆனால் அவர் முகத்தில் இருந்த சந்தோஷம் தெரிந்தது.

#9 செம்மண்

எல்லோருக்கும் நன்றி. சிப்பித்தூள் மேடம், ஒன்று இடிக்கிறது. கரியமில வாயு குறைந்ததால் உறைந்தது என்றால், அந்த வாயு எங்கே போனது? யார் எடுத்தார்கள்? இதற்குப் பதில் இல்லாமல் வகுப்புக்குப் போனால் அந்தப் பெண் அடுத்து இதைத்தான் கேட்பாள்.

#10 சிப்பித்தூள்

சார், இந்தக் கேள்விக்காகத்தான் காத்திருந்தேன். இதில் இந்தியாவுக்கு நேரடிப் பங்கு உண்டு.

மழைத்துளி காற்றிலிருக்கும் கரியமில வாயுவைக் கொஞ்சம் கரைத்துக்கொண்டு விழுகிறது. லேசான அமிலம். அது பாறையை மெல்லத் தின்கிறது. சிலிக்கேட் பாறையாக இருந்தால் கால்சியம் கரைந்து ஆற்றோடு கடலுக்குப் போகும். அங்கே சிப்பி, பவளம், நுண்ணுயிர்கள் அதைக் கொண்டு ஓடு கட்டும். உயிர் செத்ததும் ஓடு அடியில் படிந்து சுண்ணாம்புக் கல்லாகும். காற்றில் இருந்த கரி (கார்பன்) கல்லாகிவிட்டது. எரிமலைகள் புதிதாகக் கரியமில வாயுவைக் கக்கும், மழையும் பாறையும் அதை எடுத்துக்கொள்ளும். வெப்பம் கூடினால் மழை கூடும், பாறை வேகமாகக் கரையும், வாயு குறையும். குளிர்ந்தால் எல்லாம் மந்தமாகும். வாக்கர், ஹேஸ், கேஸ்டிங் மூவரும் 1981இல் இதைப் பூமியின் வெப்பச் சீராக்கி என்று விளக்கினார்கள். ஆனால் இதன் வேகம் லட்சக்கணக்கான ஆண்டுக் கணக்கில்.

இப்போது இந்தியாவை எடுத்துக்கொள்ளுங்கள். கோண்ட்வானாவிலிருந்து பிரிந்து, ஒரு கட்டத்தில் ஆண்டுக்கு 15 சென்டிமீட்டருக்கு மேல் வடக்கே ஓடியது. கண்டத்துக்கு அது பாய்ச்சல். இப்போது சுமார் 5 சென்டிமீட்டர்தான். ஓடும் வழியில், 6.6 கோடி ஆண்டை ஒட்டி, தக்காண எரிமலைக் குழம்பு கொட்டியது. இன்று மிஞ்சியிருப்பதே ஏறக்குறைய 5 லட்சம் சதுர கிலோமீட்டர். கொட்டும்போது அது வாயுவைக் காற்றில் விட்டது. ஆறிய பிறகோ கதை தலைகீழ். குழம்பு ஆறி உண்டான பசால்ட் பாறை மழையில் மிக எளிதாகக் கரையும், கால்சியமும் மக்னீசியமும் நிறைந்தது. அந்தப் பாறையைச் சுமந்துகொண்டு இந்தியா நிலநடுக்கோட்டு மழைப் பகுதிக்குள் புகுந்தது. அதிக மழை, அதிக வெப்பம், கரையத் தயாரான பாறை.

இந்தியாவுக்கும் ஆசியாவுக்கும் நடுவே டெதிஸ் என்ற கடல் இருந்தது. அதன் அடித்தரை, மேலே படிந்த சுண்ணாம்போடு சேர்ந்து, ஆசியாவின் அடியில் போய்க்கொண்டே இருந்தது. அந்தச் சுண்ணாம்பு அடியில் வெந்து எரிமலை வழியாக மீண்டும் காற்றுக்கு வந்திருக்கலாம். சுமார் 5 கோடி ஆண்டுக்கு முன் இந்தியா மோதியது. கடல் மூடியது, அந்த அடுப்பும் அணைந்தது. பூமி குளிரத் தொடங்கியதும் அந்தக் காலத்தை ஒட்டித்தான்.

அப்புறம் இமயம். மலை எழுந்ததால் உடைந்த புதுப் பாறை ஓயாமல் மழைக்குக் கிடைத்தது, அதனால்தான் காற்றில் வாயு குறைந்தது என்று மௌரீன் ரேமோவும் வில்லியம் ரடிமனும் 1992இல் விரிவாக எழுதினார்கள். பெரிய சலசலப்பை உண்டாக்கிய கருத்து. எனக்கு அதில் பாதிதான் உடன்பாடு. 1997இல் பிரான்ஸ்-லானோர்டும் டெர்ரியும் வங்கக் கடல் மண்ணைப் பார்த்துவிட்டு வேறு ஒன்றைச் சொன்னார்கள். இமயத்தின் பெரிய வேலை பாறையைக் கரைப்பதல்ல, இலையையும் மண்ணின் கரியையும் வண்டலுக்கு அடியில் புதைப்பதுதான் என்றார்கள். கங்கையும் பிரம்மபுத்திராவும் ஆண்டுக்கு சுமார் 100 கோடி டன் வண்டலைக் கடலுக்குத் தள்ளுகின்றன. அது வங்கக் கடலடியில் விசிறி போல 3,000 கிலோமீட்டர் நீளத்துக்கு, இலங்கையையும் தாண்டித் தெற்கே படர்ந்து கிடக்கிறது. 2015இல் அந்த விசிறியைத் துளைத்து எடுத்த மண்ணில் மரத்துண்டுகள் இருந்தன. 1.9 கோடி ஆண்டு ஆழம் வரை மரத்துண்டுகள். இமயத்துக் காட்டு மரம் ஆற்றில் வந்து, ஆழ்கடலில் புதைந்து, தன் கரியோடு அங்கேயே கிடக்கிறது.

இவற்றில் எது எவ்வளவு என்று பங்கு பிரிப்பதில் இன்னும் வாதம் உண்டு. ஆனால் உங்கள் மாணவிக்கு இதைச் சொல்லலாம்: கண்டங்கள் நீரோட்டத்துக்குக் கதவு மட்டும் அல்ல. அவை மழையில் நனையும் பாறையும்கூட. எந்தப் பாறை எந்த மழையில் போய் நிற்கிறது என்பது, எந்தக் கதவு திறந்தது என்பதைவிடப் பெரிய வேலை செய்திருக்கிறது.

#11 வடமராட்சியான்

அக்கா, வடிவாக விளங்கியது. யாழ்ப்பாணம் முழுக்க மயோசீன் காலத்துச் சுண்ணாம்புக் கல்தான். எங்கள் கிணறுகள் எல்லாம் அந்தக் கல்லுக்குள் வெட்டியவை. அப்படியென்றால் நான் குடித்து வளர்ந்த கிணற்றின் சுவரே பழைய காற்று. காங்கேசன்துறையில் சீமெந்துக்காகத் தோண்டிய குழிகளும் அதே கல்தான்.

#12 சிப்பித்தூள்

ஆமாம் தம்பி. சிமென்ட் செய்ய அந்தக் கல்லைச் சுடுகிறோம். 100 கிலோ சுத்தமான சுண்ணாம்புக் கல்லைச் சுட்டால் 44 கிலோ கரியமில வாயுவாகப் பிரிந்து போகும். அடுப்புக்கு எரித்த நிலக்கரி இதில் சேராது. செம்மண் சாருக்குப் பக்கத்திலேயே அரியலூர் இருக்கிறது, அங்கே சிமென்ட் ஆலைகள் ஏன் வரிசையாக நிற்கின்றன என்பதற்கும் இதே கல்தான் காரணம். டைனோசர்கள் வாழ்ந்த கிரிட்டேசியஸ் காலத்தில் அங்கே கடல். அப்போது கடலடி முகடுகளில் புதுத் தரை வேகமாகப் பிறந்தது. சூடான புதுத் தரை உப்பி நின்று நீரை மேலே தள்ள, கடல் கண்டங்களின் மேல் ஏறியது. காவிரிப் படுகையில் ஏறிய அந்தக் கடல் விட்டுப்போனதைத்தான் இப்போது லாரியில் ஏற்றுகிறோம்.

#13 எஞ்சின்ரூம்

மேடம், எல்லாம் சரி. ஆனால் கடலை ரொம்ப ஓரம் கட்டுகிறீர்கள் என்று தோன்றுகிறது. கடலின் மேல் இரண்டரை மீட்டர் நீர் தாங்கும் வெப்பம், மொத்தக் காற்று மண்டலம் தாங்கும் வெப்பத்துக்குச் சமம் என்று எங்களுக்குப் பயிற்சியில் சொன்னார்கள். மீதி மூன்றே முக்கால் கிலோமீட்டர் ஆழம் சும்மாவா கிடக்கிறது?

#14 சிப்பித்தூள்

ஐயா, நீங்கள் சொல்வது நியாயம். நான் எழுதியது கடலைக் குறைத்துக் காட்டிவிட்டது. திருத்திக்கொள்கிறேன்.

கரியமில வாயு விஷயத்திலும் கடல்தான் பெரிய கிடங்கு. தொழிற்புரட்சிக்கு முந்திய காற்றில் இருந்ததைப் போல 60 மடங்கு கரி கடலில் கரைந்து கிடக்கிறது. அந்தக் கிடங்கின் வாசல் எது தெரியுமா? நீங்கள் கடந்த அதே தெற்குக் கடல். மேற்குக் காற்று அங்கே மேல்நீரை வடக்கே தள்ளிக்கொண்டே இருக்கிறது. அந்த இடத்தை நிரப்ப ஆழ்நீர் மேலே வருகிறது, நெடுங்காலம் அடியில் கிடந்த கரியோடு. சுற்றிவர நிலம் தடுக்காததால்தான் இது நடக்கிறது. பின்னால் வந்த பனியுகங்களில் கரியமில வாயு ஏறி இறங்கியதற்கு இந்த வாசல் திறந்து மூடியதும் ஒரு முக்கியக் காரணம் என்று கருதுகிறார்கள். வட்ட நீரோட்டம் அண்டார்டிகாவை முதலில் உறைய வைக்கவில்லை என்று நான் சொன்னாலும், உறைந்ததை உறைந்தபடி வைத்திருப்பதில் அதற்குப் பங்கு இல்லை என்று சொல்ல மாட்டேன்.

#15 கார்குழலி

வட துருவக் கேள்வியை எல்லோரும் மறந்துவிட்டீர்கள்! நான் முயற்சி செய்கிறேன், தவறு இருந்தால் திருத்துங்கள்.

வடக்கே பெரிய பனிப்படலங்கள் வளர்ந்தது சுமார் 27 லட்சம் ஆண்டுக்கு முன். தெற்குக்கும் வடக்குக்கும் நடுவே மூன்று கோடி ஆண்டு இடைவெளி! காரணம் நிலம்தான். தென் துருவத்தின் மேலேயே ஒரு கண்டம் உட்கார்ந்திருக்கிறது, உயரமாக. பனி விழுந்தால் தங்கும். வட துருவத்தில் கடல், சுற்றித்தான் நிலம். அங்கே பனி தங்க, காற்றில் கரியமில வாயு இன்னும் கீழே இறங்க வேண்டியிருந்தது.

அந்தப் பெண் கேட்டதற்கு நேரான பதில்: அங்கே எதுவும் விலகவில்லை, ஒன்று மூடியது. வட, தென் அமெரிக்காக்களுக்கு நடுவே இருந்த கடல்வழி பனாமா நிலச்சந்தியாக அடைபட்டது, சுமார் 28 லட்சம் ஆண்டுக்கு முன். அதனால் வளைகுடா நீரோட்டம் வலுத்து, அட்லாண்டிக்கின் வடக்கே ஈரத்தைக் கொண்டுபோய்ப் பனிக்கு நீர் கொடுத்தது என்பார்கள். ஆனால் இங்கும் அதே இழுபறி. நீரோட்டம் ஈரத்தோடு வெப்பத்தையும்தானே கொண்டுபோகும்? வெப்பம் போனால் பனி உருக வேண்டாமா? 30 லட்சம் ஆண்டுக்கு முன் பத்து லட்சத்துக்கு 400 பங்கை ஒட்டி இருந்த கரியமில வாயு அதன் பிறகு இறங்கியதுதான் பெரிய காரணம் என்று படித்தேன்.

நம் கடலில்கூட ஒரு கதவு மூடியிருக்கிறது. நியூகினியா வடக்கே நகர்ந்து, பசிபிக்கிலிருந்து இந்தியப் பெருங்கடலுக்கு வரும் வழியைக் குறுக்கியது. தென் பசிபிக்கின் வெதுவெதுப்பான நீருக்குப் பதிலாக வட பசிபிக்கின் குளிர்ந்த நீர் வரத் தொடங்கியது என்றும், 30, 40 லட்சம் ஆண்டுக்கு முன் கிழக்கு ஆப்பிரிக்கா வறண்டதற்கு அது காரணமாக இருக்கலாம் என்றும் கேனும் மால்னாரும் 2001இல் எழுதினார்கள்.

#16 சிப்பித்தூள்

திருத்த எதுவும் இல்லை கார்குழலி. அந்த மூன்று கோடி ஆண்டு இடைவெளியை வகுப்பில் பலகையில் எழுதச் சொல்லுங்கள் சார். கதவு மட்டும்தான் காரணம் என்ற கதையில் அந்த இடைவெளிக்கு இடமே இல்லை.

நிதானம் சார், உங்களுக்குப் பதில் சொல்லாமல் நழுவவில்லை. கணக்காகவே போடுவோம். கண்டம் ஆண்டுக்கு 5 சென்டிமீட்டர் நகர்ந்தால் நூறு ஆண்டில் 5 மீட்டர். ஒரு அறையின் நீளம்தான். அந்த 5 மீட்டரில் எந்தக் கடல்வழியும் திறக்கவில்லை, எந்த மலையும் எழவில்லை. அதே நூறு ஆண்டில் கரியமில வாயு பத்து லட்சத்துக்கு 300 பங்கைச் சற்றுத் தாண்டிய அளவிலிருந்து 420க்கு மேல் போய்விட்டது. எரிமலைகள் ஆண்டுக்கு விடுவதைப் போல சுமார் 100 மடங்கு நாம் விடுகிறோம். பாறையும் மழையும் இதை ஒரு நாள் எடுத்துக்கொள்ளும், சந்தேகமே இல்லை. 5.6 கோடி ஆண்டுக்கு முன் திடீரென்று பெருமளவு கரி காற்றில் கலந்து பூமி 5, 6 டிகிரி சூடானது. அது ஆறித் தணிய ஒரு லட்சம் ஆண்டுக்கு மேல் ஆனது.

பழைய காலத்தைப் படித்துத்தான் கரியமில வாயுவுக்கு இவ்வளவு பலம் உண்டு என்றே எங்களுக்குத் தெரியவந்தது. கண்டம் உறைந்த கதையைப் படித்தவர்கள்தான் இன்று அதிகம் கவலைப்படுகிறோம். அண்டார்டிகப் பனி முழுதும் உருகினால் கடல் 58 மீட்டர் உயரும். அது நாளைக்கே நடக்காது. ஆனால் எந்த எல்லையில் அந்தப் பனி பிறந்தது என்று தெரிந்த பிறகு, மறுபடி அந்தப் பக்கம் நடந்து போவதை அமைதியாகப் பார்க்க என்னால் முடியவில்லை.

#17 நிதானம்

5 மீட்டர் கணக்கை நானும் போட்டுப் பார்த்தேன். வேகத்தை நான் யோசிக்கவில்லை. நன்றி.

#18 செம்மண்

தாமதமாக வருகிறேன், மன்னிக்கவும். நேற்று வகுப்பு நடந்தது.

முதலில் என் கதை பாதி தவறு என்று சொன்னேன். மூன்று கோடி ஆண்டு இடைவெளியைப் பலகையில் எழுதினேன். எஞ்சின்ரூம் ஐயாவின் வெப்பமானி முள், மேடத்தின் தூரிகை, மீன் பல், வங்கக் கடலில் கிடக்கும் மரத்துண்டு எல்லாவற்றையும் சொன்னேன். பெருக்க மரம் எங்கள் பிள்ளைகளுக்குத் தெரியவில்லை. இலவம் தெரிந்தது, உடனே சிரித்துவிட்டார்கள்.

அரியலூரிலிருந்து வரும் மாணவன் ஒருவன் சுண்ணாம்புக் கல் கொண்டு வந்தான். அம்மோனைட் என்ற அழிந்துபோன கடலுயிரின் சுருள் ஓட்டில் ஒரு துண்டு அதில் ஒட்டியிருந்தது. அதைத் தொடாமல் ஓரத்தில் மட்டும் கொஞ்சம் சுரண்டிப் பொடித்து, கண்ணாடிக் கிண்ணத்தில் போட்டு, எலுமிச்சையைப் பிழிந்தேன். பள்ளி ஆய்வகத்து அமிலத்தைத் தேடவில்லை, சமையலறைப் பொருளாக இருந்தால் வீட்டிலும் செய்து பார்ப்பார்கள் என்று. நுரைத்தது. அந்தக் குமிழி, தக்காணக் குழம்பு கொட்டும் முன்பே கடலில் கல்லான காற்று என்று சொன்னேன். வகுப்பில் சத்தமே இல்லை. எல்லோரும் முறை வைத்துக் கிண்ணத்தருகே காதை வைத்துக் கேட்டார்கள்.

அந்தப் பெண் கடைசியாக வந்தாள். நுரை அடங்கும்வரை பார்த்துவிட்டுக் கேட்டாள்: "சார், இப்போது வந்த இந்தக் காற்றை மறுபடி கல்லாக்க எவ்வளவு நாள் ஆகும்?"

மேடத்தின் பதிலைச் சொன்னேன். நோட்டில் எழுதிக்கொண்டாள். அடுத்த சனிக்கிழமை பிள்ளைகளைச் சாத்தனூர் கல்மரத்துக்கு அழைத்துப் போகிறேன். புவியியலாளர் எம். எஸ். கிருஷ்ணன் 1940இல் அடையாளம் காட்டிய மரம், 18 மீட்டர் நீளம், கூம்புமர வகை. அந்தக் கடலோரத்தில் நின்ற மரம் அது. அங்கே பார்க்க வேண்டியதில் நான் தவறவிடக்கூடியது ஏதாவது இருந்தால் வெள்ளிக்கிழமைக்குள் சொல்லுங்கள். பேருந்து காலை ஏழு மணிக்கு.

#19 சிப்பித்தூள்

சார், கை லென்ஸ் ஒன்று எடுத்துப் போங்கள். மரத்தைச் சுற்றியுள்ள மண்ணையும் படிவுப் பாறையையும் பார்க்கச் சொல்லுங்கள், சிப்பித் துண்டு தென்படுகிறதா என்று. கல்லை உடைக்க வேண்டாம், எடுத்துவரவும் வேண்டாம். ஏழு மணிப் பேருந்தில் எனக்கும் ஒரு இடம் இருக்குமா?